பதினாலாம் கட்டையில் விபத்தே இல்லை

தரவின் தரத்தை அளக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று நாங்கள் அலுவலகத்தில் கறிபாப் தின்றுகொண்டிருந்தோம். எங்கள் மேலதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் அவரைப் புவான் என்றுதான் அழைப்போம். கடிதத்தை ஒரு கையிலும் கறிபாப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு வாசித்தார். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்களுக்கு மதிப்பீடு உண்டாம். நன்றாகச் செய்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. சாலை விபத்தையே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேறு எந்த நிறம்தான் தோன்றும். எதையெல்லாம் அளப்பார்கள் என்று யாரோ கேட்டதற்கு, எல்லாவற்றையும் என்று சொல்லிவிட்டுப் புவான் இரண்டாவது கறிபாப்பை எடுத்துக்கொண்டார்.

கோல சிலாங்கூரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கும் சின்ன அரசாங்கப் பிரிவு எங்களுடையது. சுற்றுவட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து சாலை விபத்துப் படிவங்கள் எங்களுக்கு வரும். அவற்றைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் எங்கே சமிக்ஞை விளக்கு வைப்பது, எங்கே எச்சரிக்கைப் பலகை நடுவது என்று மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு விபத்தைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் யார் எங்கே விழுந்தாலும் எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு உண்டு.

என் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். நாங்கள் பிறந்து வளர்ந்த அதே தோட்டத்தில், பழைய லயத்து வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் வளைவு. மறுபக்கத்திலிருந்து மண் லோரிகளும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் யாரோ துரத்துவது போல வரும். அக்கா கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்து, பேசுகிற பிள்ளைகளை அதட்டி, லோரி வருகிறதா என்று காதால் கேட்டுத்தான் திரும்புவாள். அந்த முச்சந்தியில் ஒரு சமிக்ஞை விளக்கு வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கட்டிய புருஷனிடம் ஒரு சங்கிலி கேட்டு வாங்கத் தெரியாதவள், அரசாங்கத்திடம் விளக்கு கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நீ அந்த ஆபீசுலதானடி இருக்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"அக்கா, அது சொல்லி நடக்கற வேல இல்ல லா. தரவு பேசணும்" என்பேன். அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தரவு என்ன பேசியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிவத்தில் வானிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் முதலில் இருப்பது 'தெளிவு'. நாளெல்லாம் திருட்டையும் அடிதடியையும் எழுதிச் சலித்த போலீஸ்காரர் கை முதலில் இருப்பதைத்தான் தொடும். ஆகவே எங்கள் வட்டாரத்தில் மழையில் யாரும் விழுவதில்லை. வருடக் கடைசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதங்களில்கூட எங்கள் சாலைகள் காய்ந்துதான் கிடக்கும். விபத்து நடந்த நேரம் தெரியாவிட்டால் பன்னிரண்டு மணி என்று எழுதுவார்கள். அதை நம்பி, நண்பகலில் மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள் என்று நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்லியிருக்கிறேன். மோட்டாரிலிருந்து விழுந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். மாடு குறுக்கே வந்தால் மாட்டுக்குக் கட்டம் கிடையாது, அது 'மற்றவை'.

தரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தலைமையகத்துக்கு வெகு தொலைவில் புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கியவர். வந்ததும் அரை மணி நேரம் நெரிசலைப் பற்றிப் பேசினார், பிறகு தரத்துக்கு வந்தார். நல்ல தரவுக்கு நான்கு குணங்களாம். முழுமையாக இருக்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். முதல் மூன்றையும் கணினியே அளந்துவிடும். உண்மையை எப்படி அளப்பீர்கள் என்று புவான் கேட்டார். ஒருமுறை அனுப்பிய பதிவைப் பிற்பாடு திருத்தினால் அது பிழை, திருத்தாமல் இருந்தால் அது சரி என்று அவர் விளக்கினார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டு தலையாட்டினேன். தலையாட்டியதை மறைத்துவிட்டு அவரை மட்டும் கிண்டல் செய்வது நியாயமில்லை.

முதல் மதிப்பீட்டில் எங்களுக்குச் சிவப்பு. காரணம், கிலோமீட்டர் கட்டம். விபத்து நடந்தது எத்தனையாவது கிலோமீட்டர் என்று எழுத வேண்டிய இடம் நூற்றுக்கணக்கான படிவங்களில் காலியாகக் கிடந்தது. அதிலும் தோட்டத்துப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவைதான் அதிகம். அங்கே இருக்கும் சார்ஜன் தமிழர். நானே போன் போட்டுக் கேட்டேன்.

"கல்லு எங்கம்மா இருக்கு அங்க? பாதிக் கல்லு செம்பனைக்குள்ள பொதஞ்சி போச்சி" என்றார். "எங்க விழுந்தீங்கன்னு கேட்டா பதினாலாங் கட்டைன்னு சொல்றாங்க, பதினேழாங் கட்டைன்னு சொல்றாங்க. மலாய்க்காரவங்களும் அவங்க பாசையில அதேதான் சொல்றாங்க. இடம்னு போட்ட எடத்துல நான் அத எழுதிடறேன். கிலோமீட்டரு எனக்குத் தெரியாது. தெரியாதத எப்படி எழுதறது?"

கட்டை என்றால் மைல்கல். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஊர்களின் பெயர் மட்டும் மைலிலேயே நின்றுவிட்டது. இன்றும் இங்கே யாரிடம் வழி கேட்டாலும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். தெரியாததை எழுத மாட்டேன் என்று சொன்ன அந்த மனிதர்தான் எங்கள் வட்டாரத்தில் தரவின் தரத்தைக் காப்பாற்றிய ஒரே ஆள். அன்றைக்கு எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கணினிக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். இடத்தின் பெயரில் எண் இருந்தால் அதை எடுத்துக் கிலோமீட்டர் கட்டத்தில் போட்டுவிடு. அவ்வளவுதான். மூன்று வருடத்துப் படிவங்கள் ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் நிரம்பின. பதினாலாம் கட்டையில் நடந்தவையெல்லாம் பதினாலாவது கிலோமீட்டருக்குப் போயின. படிக்கிறவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க ஒன்றரை வருடம் ஆனது.

இத்தனைக்கும் நான் பதினாலாம் கட்டையில் பிறந்தவள். அக்கா வேனைத் திருப்பும் முச்சந்திதான் பதினாலாம் கட்டை. ஒரு மைல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் என்று பள்ளியில் படித்துத் தேர்வு எழுதித் தேறியவள். யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. காலியாக இருந்த கட்டம் நிரம்பியதும் மனசு குளிர்ந்துவிட்டது.

அடுத்த மதிப்பீட்டில் பச்சை. அதற்கடுத்ததிலும் பச்சை. புவானுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள், அதைக் குடிதண்ணீர் இயந்திரத்துக்கு மேலே மாட்டினோம். எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேறு பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு என் விதியை நான்தான் விளக்கினேன். அதில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் பலனும் தெரிந்தது. பெரிய சாலையின் பதினாலாவது கிலோமீட்டரில் சாலைத்துறை மஞ்சள் விளக்கு வைத்தது, விட்டு விட்டு மின்னுகிற வகை. விபத்துப் பகுதி, கவனம் என்று பலகை நட்டது. தார்மேல் டயர் தடதடக்கும்படி மஞ்சள் கோடுகள் போட்டது. அங்கே சாலை அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக ஓடும். இரண்டு பக்கமும் செம்பனை. வீடில்லை, சந்தில்லை, குரங்குகள் மட்டும் பலகைமேல் உட்கார்ந்திருக்கும். புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் என் வாடகை வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த விளக்கைக் கடப்பேன். நம் வேலைக்கும் ஒரு பயன் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிமிரும். விளக்கு வைத்த பிறகும் அந்த இடத்தில் விபத்து குறையவில்லை என்று எங்கள் பதிவுகள் காட்டியதால், இரண்டாவது விளக்கும் வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிச் சாலைத்துறைக்கு அவள் அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்திருந்தது. மரியாதையான மலாயில் நான்கு வரி. பதிவுகளைப் பரிசீலித்ததில், குறிப்பிட்ட முச்சந்தியில் கடந்த மூன்று ஆண்டுகளில் விபத்து எதுவும் நிகழவில்லை. ஆகவே சமிக்ஞை விளக்கு அமைக்க இயலாது.

"ஒண்ணுமே நடக்கலயாம்" என்றாள் அக்கா. "அப்ப அந்தக் காய்கறிக்காரரு எங்கடி செத்தாரு? வானத்துலயா?"

காய்கறி விற்க மோட்டாரில் வருகிறவர் அந்த முச்சந்தியில் லோரி அடித்து இறந்தபோது அக்காவின் வேன் அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னாளாம். அதில் முக்கால்வாசிப் பேர் இந்துப் பிள்ளைகள். இருந்தாலும் எல்லாரும் சொன்னார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், ஒரு முழு மனிதரை மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். எவனோ ஒரு சோம்பேறிக் கிராணி ஏதோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து தப்பாக எழுதியிருக்கிறான் என்று நானும் சேர்ந்து திட்டினேன். அக்காவின் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி கறி ஊற்றினார்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் சோம்பேறியைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். காய்கறிக்காரரின் படிவம் சுலபமாகக் கிடைத்தது. இடம், பதினாலாம் கட்டை. சார்ஜனின் கையெழுத்து. கிலோமீட்டர், பதினாலு. அது கணினி போட்டது. கணினிக்குச் சொன்னது நான். வரைபடத்தைத் திறந்தேன். நேர்ச் சாலையில், ஒரு வீடுகூட இல்லாத இடத்தில், குரங்குகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் கொத்தாக நின்றன. அவர்களில் ஒருவரும் அந்த இடத்தில் விழவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று யாரைப் பற்றியெல்லாமோ சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

புவானிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். அங்கே வைத்த இரண்டு விளக்குகளும் யாருக்கு என்று மெதுவாகக் கேட்டார். திருத்தலாமா என்றேன். திருத்தினால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பிழையாக எண்ணப்படும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நூற்றுக்கணக்கான பிழை. அடுத்த மதிப்பீட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பச்சை வந்தால் மாநில அளவில் பரிசு என்ற பேச்சும் இருந்தது. மதிப்பீடு போன பிறகு திருத்துவோம், மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்றார் புவான். அவர் கெட்டவர் இல்லை. நானும் சரி என்றேன். அந்த மூன்று வாரமும் அக்கா வேனைத் திருப்பும் நேரத்துக்குக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று நினைத்து, இது பத்துக் கட்டளையில் எதில் வரும் என்று தெரியாமல் விட்டுவிட்டேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பச்சை வந்தது. பரிசு வேறு யாருக்கோ போனது. மறுநாளே திருத்த ஆரம்பித்தேன்.

பதினாலாம் கட்டை உண்மையில் எத்தனையாவது கிலோமீட்டர் என்று இந்த முறை கணக்குப் போட்டு நம்புவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நேரில் அளந்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை அக்காவின் வேனில் ஏறினேன். பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபதாவது கிலோமீட்டர் கல் இன்னும் நன்றாக நிற்கிறது. அங்கே வேனின் மீட்டரைக் குறித்துக்கொண்டு மெதுவாக வந்தோம். முச்சந்தியில் வந்து நின்றபோது மீட்டர் இரண்டரை கூடியிருந்தது, ஆக இருபத்திரண்டரை.

"எதுக்குடி இதெல்லாம் அளக்கற?" என்று அக்கா கேட்டாள்.

சொன்னேன். ஒன்றையும் விடாமல் விதி, பச்சை, சான்றிதழ், குரங்கு, மூன்று வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேனை ஓரமாக நிறுத்தினாள்.

"நீயா?"

"நான்தான்."

"அந்த மனுசன் செத்தத தூக்கிக்கிட்டுப் போயி அங்க வச்சிட்டியா?"

"எண்ணு மாறிப் போச்சி, அக்கா."

"ஒங்க ஆபீசுல ஒருத்தருக்குக்கூட பதினாலாங் கட்டை எங்க இருக்குன்னு தெரியாதா?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். எங்களைக் கடந்து மூன்று லோரிகள் போயின, ஒவ்வொன்றுக்கும் வேன் ஆடியது. "நம்ம வூட்டுலயும் ஒரு படிச்சவ இருக்கான்னு தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் கடைசியில். "சரி, மாத்து. மொதல்ல அத மாத்து. அப்பறம் ஒன்ன வச்சிக்கறேன்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் கூடச் சுரைக்காயைத் தப்பான கொடியில் காய்க்கவிட்டவள் நான். ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகத் திருத்தினேன். சந்தேகம் வந்தபோதெல்லாம் சார்ஜனுக்குப் போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை, "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றார். எந்தக் கட்டை எத்தனையாவது கிலோமீட்டர் என்று எழுதி அனுப்பியதும் அவரும் அந்தக் கட்டத்தை நிரப்பத் தொடங்கினார். எங்கள் பிரிவின் வரலாற்றில் தரவு முதன்முறையாக உண்மையானபோது எங்களுக்குச் சிவப்பு விழுந்தது. தலைமையகத்து அதிகாரி வந்து, இவ்வளவு நன்றாக இருந்த பிரிவு எப்படி இப்படிச் சரிந்தது என்று வருத்தப்பட்டார். குடிதண்ணீர் இயந்திரத்துக்கு மேலே இருந்த சான்றிதழைப் புவானே கழற்றினார்.

திருத்திய பதிவுகளோடு அக்காவின் மனு மறுபடியும் போனது. இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது. விபத்துகள் நிகழ்ந்திருப்பது உண்மையே. ஆனால் விளக்கு வைப்பதற்கு மூன்று ஆண்டுகளில் இத்தனை விபத்து நடந்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு, அதில் ஒன்று குறைகிறது.

அக்காவிடம் ஒரு பட்டியல் இருந்தது. கண்ணால் பார்த்ததையெல்லாம் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அது எங்கள் பட்டியலைவிட இரண்டு மடங்கு நீளம். ஆனால் இங்கே பெரிய காயம் இல்லை என்றால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. இரண்டு பேரும் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு, பிறகு யாருடைய தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று விசாரித்து, ஏதாவது ஒரு வழியில் உறவாகிக் கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல பழக்கம் என்று நான் பெருமையாகச் சொல்லிவந்த பழக்கம் அது. உறவாகிப் போனவர்கள் யாரும் எங்கள் கணக்கில் இல்லை.

"ஒண்ணுதான் குறையுதா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுதான்."

"அதுக்கு நான் என்னடி செய்யறது? யாரையாச்சும் கூப்பிட்டு விழச் சொல்லவா?"

புவானிடம் கடிதத்தைக் காட்டியபோது, இன்னும் ஒன்று இருந்தால் கிடைத்துவிடும் என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். நானும் மேசையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் புதிதாக வந்த படிவங்களில் சார்ஜனின் போலீஸ் ஸ்டேஷன் படிவங்களை முதலில் எடுக்க ஆரம்பித்தேன். பெயரைப் பார்க்க மாட்டேன், காயத்தைப் பார்க்க மாட்டேன். கிலோமீட்டர் கட்டத்தைத்தான் பார்ப்பேன். பதினெட்டு என்றால் கீழே வைத்துவிடுவேன். இருபத்தாறு என்றால் கீழே வைத்துவிடுவேன். ஒருமுறை இருபத்திரண்டு என்று தொடங்கிய எண்ணைப் பார்த்து நெஞ்சு துள்ளியது. அது வேறு சாலை. சீ என்று கீழே வைத்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விழுந்தவருக்கு இரண்டு கையும் ஒடிந்திருந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். ஆனால் மறுநாள் காலையும் அப்படியேதான் எடுத்துப் பார்த்தேன்.

இப்போது பதினாலாம் கட்டையில் சமிக்ஞை விளக்கு இருக்கிறது. சிவப்பு விழுந்தால் மண் லோரிகூட நிற்கிறது. குறைந்த அந்த ஒன்று எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி விடுமுறை முடிந்து திறந்த வாரம். நான் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள். பின்னால் லோரியின் இஞ்சின் சத்தமும் ஆண்களின் குரல்களும் கேட்டன.

"வேன லோரிக்காரன் இடிச்சிட்டான்டி" என்றாள். "நம்ம பதினாலாங் கட்டை சிம்பாங்ல. பின்பக்கம் நசுங்கிப் போச்சி. போலீசு வந்துருக்கு."

நான் எழுந்து நின்றேன். எழுந்தது நன்றாக நினைவிருக்கிறது. "படிவம் எழுதிட்டாங்களா? கிலோமீட்டரு எத்தனன்னு போட்டாங்க?" என்று கேட்டேன்.

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை.

"இருபத்திரண்டர" என்றாள். "பக்கத்துல நின்னு நானே எழுத வச்சிட்டேன்."

அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"பிள்ளைங்க பதினோரு பேருக்கும் ஒண்ணும் ஆகல. நீ கேக்கல, அதான் நானே சொல்றேன்."